காதுக்கு இமை இருந்தபோது

அந்தக் காலத்தில், சங்கும் நண்டும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, காதுகளுக்கும் கண்ணைப் போல மேலும் கீழுமாக இரண்டு இமைகள் இருந்தன. வேண்டாத பேச்சு வந்தால் மூடிக்கொள்ளலாம். மாமியார் மருமகள் சண்டையே இல்லாத காலம் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை.

கடலோரத்தில் சங்கு குளிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. குளிப்பவன் கயிற்றைப் பற்றிக்கொண்டு கல்லோடு ஆழத்துக்கு இறங்குவான். மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். தங்கையின் தாலி கையில் இருக்கும்போது கவனம் தப்பாது அல்லவா? கடலடியில் பேசினால் மேலே கேட்ட காலம் அது. மூச்சு முட்டினால் கீழே இருப்பவன் கூப்பிடுவான், மேலே இருப்பவன் இழுப்பான். கயிறு கையில் இருக்கும்வரை காதை மூடக் கூடாது.

இதில் ஒரு சங்கடம், கடலும் பேசும்.

வேலாண்டி என்பவன் குளித்தான். அவன் மனைவி பேச்சியின் அண்ணன் இருளப்பன் கயிறு பிடித்தான். உச்சிப்பொழுது, காற்றே இல்லை. வேலாண்டி இறங்கிய சற்று நேரத்தில் வள்ளத்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"இருளப்பா."

அது அவனுடைய அம்மாவின் குரல். அம்மாவைப் புதைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"குளுருது இருளப்பா. எறங்கி வாய்யா."

கடலுக்குப் பதில் சொல்லக் கூடாதென்று அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டான். குரல் பலகைக்கு நேர் கீழே வந்து, சின்ன வயதில் அவனைத் தூங்கவைத்த தாலாட்டை முனகத் தொடங்கியது. கொஞ்ச நேரம்தானே என்று காதிமைகளை மூடிக்கொண்டான்.

எவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்துவிட்டான்.

இழுத்தபோது கயிறு லேசாக வந்தது. நுனியில் சங்கு போடும் பை மட்டும் இருந்தது, பைக்குள் ஒரே ஒரு சங்கு.

"மூணு தரம் கூப்பிட்டாரு," என்றது சங்கு. "மூணாவது தரம் தண்ணியக் குடிச்சுக்கிட்டே கூப்பிட்டாரு."

கரையில் பேச்சி நின்றாள்.

"அவுக எங்க அண்ணே?"

"கடல் கொண்டுபோயிருச்சு தாயி."

"உன்னையக் கூப்பிடலையா?"

"எனக்குக் கேக்கல."

அவன் சொன்னது பொய்யும் இல்லை. பேச்சி மண்ணில் விழுந்து அழுதாள். அதைத் தாங்கமாட்டாமல் இருளப்பன் மறுபடியும் காதை மூடினான். அவள் நிமிர்ந்து அந்த மூடிய இமைகளைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

எழுந்து வந்து பையிலிருந்த சங்கை எடுத்தாள். அவன் காதிமையை விரலால் விலக்கினாள்.

"நீ கேட்டயில்ல? உள்ள போயி உக்காரு," என்றாள் சங்கிடம். "இவன் தூங்குனாலும் சொல்லிக்கிட்டே இரு. இனி எவனும் மூடக் கூடாது."

சங்கு பட்டாணி அளவுக்குச் சுருங்கி உள்ளே ஊர்ந்தது. போகிற போக்கில் மேலிமையைக் கவ்வி இழுத்துப்போய், வழியை அடைத்து, தப்பு மேளத்துக்குத் தோல் கட்டுவது போல விறைப்பாகக் கட்டியது. அதற்கும் பின்னால் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொண்டது. கீழிமை காய்ந்து, காதுத் துளைக்கு முன்னால் சின்னச் சதைத் துண்டாக நின்றது. மறு காதிலும் அப்படியே ஆயிற்று. இருளப்பன் சாகும்வரை ஒரு நாளும் நன்றாகத் தூங்கவில்லை. அந்த ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் அதற்குப் பிறகு இமையுள்ள காதோடு பிள்ளை பிறக்கவில்லை.

அன்று முதல்தான் கண் உறங்கினாலும் காது திறந்தே கிடக்கிறது. சந்தேகமிருந்தால், அந்தச் சதைத் துண்டை விரலால் அழுத்திக் காதை மூடிப் பாருங்கள். உள்ளே ஓர் இரைச்சல் கேட்கும். கடல் என்று நினைத்துவிடாதீர்கள், வேலாண்டி நாலாவது தரம் கூப்பிடுகிறான்.