அம்மோனியாவைத் தேடிப் போன புகார்

முத்தங்குடாத் துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் தொம்மை, கொம்பையா, சிலுவைமுத்து என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். கஷ்டமே அதில்தான்.

ஒரு நாள் என்ஜினீயர் திலோத்தமை மேடத்துக்குப் பல்வலி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் மூவரையும் நிறுத்திப் பாடம் சொன்னார். குழாயில் ஓடுவது அம்மோனியா. ஐஸ் உறைவது அதனால்தான். ஆனால் கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வருகிற பக்கமாக ஓட வேண்டும். சந்தேகமாக இருந்தால் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துக் காட்ட வேண்டும். நீலமாக மாறினால் கசிவு.

பதினோரு மணிக்கு நெடி வந்தது.

மூவரும் ஈரத்துணியை மூக்கில் இறுகக் கட்டினார்கள். நெடி தெரியவில்லை.

“ஓட்டை அடைஞ்சிருச்சு” என்றான் தொம்மை.

“துணி நம்ம மூக்குலல்லா கெடக்கு. ஓட்டை எப்படி அடையும்?” என்றான் சிலுவைமுத்து.

கொம்பையா வெகுநேரம் யோசித்தான். “மேடம் படிச்சவங்க. எப்படின்னு நாம கேக்கக்கூடாது.”

மூவர் கண்ணிலிருந்தும் தாரை தாரையாக நீர் கொட்டியது. மேடத்தின் பல்லுக்காகத்தான் மற்ற இருவரும் அழுகிறார்கள் என்று நினைத்துச் சிலுவைமுத்து ஆறுதல் சொன்னான்.

எதற்கும் இருக்கட்டும் என்று லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டினார்கள். நீலமாகிவிட்டது. நீலமானால் கசிவு என்றால், சிவப்பாக்கிவிட்டால் கசிவு இல்லைதானே? கஞ்சிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைத் தொம்மை அதன்மேல் பிழிந்தான். தாள் சிவந்தது. மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

இருமல் மட்டும் நிற்கவில்லை. காற்று வருகிற பக்கம் ஓடினார்கள். காற்று மேடத்தின் அறையிலிருந்த மேஜை விசிறியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் மூன்று தலைகளும் வரிசையாக நின்றன.

நல்லவேளை, வீங்கிய கன்னமும் வாயில் பஞ்சுமாக மேடம் திரும்பி வந்தார். மூன்று பேரையும் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினார். ஹோஸ் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சியதும் மிச்ச அம்மோனியா அதில் கரைந்து அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் கடலிலிருந்து வந்த மீன்காரர்கள்தான் ஐஸ் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கோபம் தணிந்தபின், பஞ்சு வாயோடு மேடம் மறுபடி விளக்கினார். ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் கைகோத்தால் அம்மோனியா. தனித்தனியாக இருந்தால் இரண்டுக்குமே வாசனை கிடையாது. சேர்ந்தால்தான் இந்த நெடி. அம்மோனியா வெளியே போனால் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

ஸ்டேஷனில் ஏட்டையா நோட்டை விரித்தார்.

“அம்மோனியா வெளிய போயிருச்சு ஐயா” என்றான் கொம்பையா.

ஏட்டையா ‘அம்மோனியா’ என்று பேரை எழுதிக்கொண்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதினொன்று என்றார்கள். தனியாகவா போனாள் என்று கேட்டார்.

“இல்லைங்க. நைட்ரஜன் ஒருத்தர், ஹைட்ரஜன் மூணு பேரு. கைகோத்துக்கிட்டுப் போயிருக்காங்க.”

நாலு பேர் என்றதும் ஏட்டையா நிமிர்ந்து உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் பிடித்துவிடலாம், கவலைப்படாமல் போங்கள் என்றார்.

வாசல்வரை போன தொம்மை திரும்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“பிடிச்சா நாலு பேரையும் ஒரே லாக்கப்புல போட்டுறாதீங்கய்யா. தனித்தனியா தங்கமானவங்க. சேந்தாத்தான் நாறும்.”