முப்பதாம் நாள் துடைப்பம்

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உள்ளேருந்து யாராவது வந்து உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். பேசலைன்னா பெருக்கித் தள்ளிடுவேன்" என்றது துடைப்பம்.

மூணுவரிக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. முப்பது நாள் பேச்சுமூச்சு இல்லாமக் கிடக்கிறதை எல்லாம் பெருக்கணும். அதுதான் என் வேலை. நல்லதா கெட்டதான்னு பார்க்க எனக்குக் கண்ணு கிடையாது."

இது நடந்தது ஒரு கம்ப்யூட்டர் நிரலின் வாசலில். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று போனில் காட்டுகிற நிரல். எல்லாருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் அதைப் பிரித்துப் படிக்கலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம்.

மூணுவரி அப்படி வந்த ஒரு திருத்தம். மொத்தமே மூன்று வரிதான். அவனை எழுதியவள் கடையநல்லூர் இசக்கி. பிளஸ் டூ முடித்தவள், மேலே படிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்று நாற்பதுக்கு பஸ் என்று நிரல் சொன்னதை நம்பி ரெண்டு மணி நேரம் வெயிலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸே கிடையாது. வந்த எரிச்சலில் வீட்டில் உட்கார்ந்து மூணுவரியை எழுதினாள்.

"ஏல, உள்ள போய்ச் சேரு" என்று சொல்லி அனுப்பினாள். "நீ உள்ள போனாத்தான் என் பேரும் அங்க ஏறும். வேலை கேட்டுப் போற இடத்துல 'இது நான் பண்ணினது'ன்னு காட்ட எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

போனான். கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. ஆனால் காலை வைத்தால் கால் உள்ளே போகவில்லை. உள்ளே இருக்கிறவர்கள் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டுமாம். அப்புறம் எதற்குத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கதவுக்கு மேலே ஒரு பலகை இளித்துக்கொண்டு தொங்கியது. "யாரும் வரலாம்! எல்லாரும் வேணும்!"

"அப்ப நான் வரலாமா?"

"தாராளமா!"

"யார் என்னைக் கூட்டிட்டுப் போவாங்க?"

"யாரும் வரலாம்! எல்லாரும் வேணும்!"

பலகைக்கு அவ்வளவுதான் தெரியும்.

பக்கத்தில், வருகிற திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிற சோதனை உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் சிவப்பு விளக்கு, ஒரு கையில் பச்சை. மூணுவரியைத் தூக்கி உலுக்கினாள். திங்கள்கிழமை என்ன சொல்லுவே, ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லுவே என்று குடைந்து எடுத்தாள். கடைசியில் பச்சையைக் காட்டினாள்.

"பாஸ்."

"அப்ப உள்ளயா?"

"பாஸ்னுதானே சொன்னேன். உள்ளன்னு சொன்னேனா?"

பாஸ் பண்ணிவிட்டு வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று இசக்கிக்கு ஏற்கெனவே தெரியும். மூணுவரிக்கு அது புதுசு.

மறுநாள் இன்னொருத்தன் வந்து சேர்ந்தான். ஒருவரி. எங்கேயோ ஓர் எழுத்துப்பிழையைச் சரிபண்ண வந்தவன். ரொம்ப மரியாதைக்காரன். கதவு ஓரத்தில் ஒரு மணி தொங்குவதை மூணுவரி அவனிடம் காட்டினான்.

"இதை அடிச்சா யாராவது வருவாங்களோ?"

"ஐயையோ, தொட்டுறாத! உள்ள இருக்கிறவங்க எல்லாம் பெரிய ஆளுங்க. நாமளே கூப்பிட்டா திமிர் பிடிச்சவன்னு நெனைப்பாங்க. அமைதியா நின்னா அவங்களே பார்த்துக் கூப்பிடுவாங்க."

சரி என்று ரெண்டு பேரும் அமைதியாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னாடியே அங்கே நின்ற ஒருத்தரை நடுவில் ஒரு நாள் காணவில்லை; உள்ளே கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே மூணுவரி வந்து இருபத்தொன்பது நாள் ஓடிவிட்டது. அப்போதுதான் துடைப்பம் வந்து அந்தச் சேதியைச் சொன்னது.

முப்பதாம் நாள் மத்தியானமே அது தரையைத் தட்டிக்கொண்டு வந்து நின்றது. "சாயங்காலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான். ரெடியா இரு."

எதற்கு ரெடியாக இருப்பது? மூணுவரி ஓடிப்போய் மணியைப் பிடித்து அடித்தான். ஒருவரி காதைப் பொத்திக்கொண்டான்.

உள்ளேயிருந்து ஒரு அக்கா வந்தாள். கழுத்தில் ஏதோ ஆபீஸ் அடையாள அட்டை, கையில் பாதி சாப்பிட்ட டிபன் டப்பா. பெயர் ஷைலா. நாகர்கோவில்காரி. நிரலைப் பார்த்துக்கொள்கிற பெரிய ஆளுங்க என்றால் அவள் ஒருத்திதான். அதுவும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்.

"மக்கா, எத்தனை நாளா இங்க நிக்குற?"

"முப்பது நாளா, அக்கா."

"முப்பது நாளா? மணியை அடிக்க என்ன கேடு?"

"தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு…"

"யாரு சொன்னா?"

மூணுவரி ஒருவரியைப் பார்த்தான். ஒருவரி, "நமக்கு முன்னாடி ஒருத்தர் நின்னாரே, அவர்தான் சொன்னாரு" என்றான்.

"அவர் எங்க?"

துடைப்பம் மெல்லத் தொண்டையைச் செருமியது. "பெருக்கிட்டேன்."

ஷைலா மூணுவரியை ஒருமுறை படித்தாள்.

"பொங்கலன்னைக்கு இந்த பஸ் ஓடுமா?"

"தெரியாது."

"சரி. தெரியாதுன்னு ஓரத்துல எழுதி வை. தெரிஞ்சவங்க வந்து சரிபண்ணட்டும்" என்றாள். அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டதாம். டப்பாவை மூடிக்கொண்டே ஓடினாள்.

அவ்வளவுதான், உள்ளே வந்தாயிற்று. ஏற்கெனவே இருந்த வரிகள் எல்லாம் வரிசையாக, இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தன. சுவரில் இருந்த பெயர்களின் கடைசியில் 'இசக்கி' என்று ஏறியிருந்தது. ஆனால் எதனால் ஏறியது? வேலை நன்றாக இருந்ததாலா, மணியை அடித்ததாலா, அந்த நேரம் பார்த்து அக்கா சாப்பிட்டுக்கொண்டு இருந்ததாலா? மூணுவரிக்கு விளங்கவில்லை. இசக்கி கேட்டால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

வாசல் பக்கம் திரும்பினான். ஒருவரி வெளியே அதே இடத்தில் நின்றான். துடைப்பம் அவன் பின்னால் போய் நின்றுவிட்டது.

"உனக்கு நாளைக்கு" என்றது.

"ஏல, மணியை அடி!" என்று மூணுவரி கத்தினான்.

"இப்பத்தானே வந்துட்டுப் போனாங்க" என்றான் ஒருவரி. "உடனே மறுபடி கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

உள்ளேயிருந்து ஒரு பழைய வரி அதட்டியது. "ஏல புதுசு, அதான் வந்துட்டேல்ல? கதவைச் சாத்திட்டு வந்து உன் இடத்துல உட்காரு. துடைப்பம் பெருக்குற தூசியெல்லாம் உள்ள வருது."

மூணுவரி வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டான். கதவைச் சாத்தவில்லை.