நல்ல பெட்ரோல்

ஏலகிரி மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் ஆசிரமத்து கார் திணறியது.

ஓட்டியவர் பூவராகன். குருவைவிட மூத்தவர், சீடராகி ஒரு வருடம். பின்சீட்டில் குரு அபரஞ்சி அம்மாள். துறவுக்கு முன் கார் தொழிற்சாலையில் இன்ஜின் சோதித்தவர்.

"உசந்த பெட்ரோல்தானே போட்டீங்க?"

"ஆமாம்மா, இப்பதான். கழுதைக்குப் பாதாம் பால் வச்ச கதையா இருக்கு."

குரு சிரித்தார். "ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். என் பையன் சேரலாதன் நேத்து வீட்டுக்கு வந்தான். நாளைக்கு வேலைக்காக தோஹா போறான். திரும்பி வருவானான்னு தெரியல."

"வந்தானே."

"சாப்பிட உக்காந்தோம். தண்ணிச் செம்பை எடுக்கக் கையைத் தூக்கினேன். சட்டுனு தலையைச் சாய்ச்சுக்கிட்டான். இருபத்தாறு வயசு ஆம்பளை."

குரு சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"குடியை விட்டு ஒரு வருஷம். ஒரு அடி இல்ல, ஒரு கெட்ட வார்த்தை இல்ல. இன்னும் ஏம்மா?"

"இந்த கார் முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?"

"ஒரு கஞ்சன்கிட்ட. மட்டமான பெட்ரோல்தான் ஊத்துவானாம்."

"மட்டமான பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்துல உள்ளே வெடிக்கும். டக் டக்னு தட்டும். இதோட கம்ப்யூட்டர் அந்தத் தட்டலைக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இன்ஜின் உடையக் கூடாதுன்னு தீப்பொறியைத் தள்ளிப் போட்டுச்சு. வேகம் போச்சு. உயிர் தப்பிச்சுது."

"இப்பதான் நல்ல பெட்ரோல் ஆச்சே?"

"அது உங்களுக்குத் தெரியும். காருக்குத் தெரியாதே."

பூவராகன் தலை குனிந்தார்.

குரு இன்ஜினை அணைக்கச் சொன்னார். இறங்கி, பானெட்டைத் திறந்து, பேட்டரி வயரைக் கழற்றினார். சற்று நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாட்டினார்.

"எடுங்க."

காரின் கடிகாரம் பன்னிரண்டில் நின்று மினுக்கியது. ரேடியோவில் வெறும் இரைச்சல். அடுத்த வளைவை கார் ஒரே மூச்சில் ஏறியது.

"என்னம்மா பண்ணீங்க?"

"வயரைக் கழட்டினா, கேட்ட தட்டலையெல்லாம் மறந்துடும்."

இரண்டு வளைவுகள் கடந்தன. பூவராகன் கண்ணாடியில் குருவைப் பார்த்தார்.

"அம்மா, என் பையனுக்கு அப்படி ஒரு வயர் இருக்கா?"

"இருந்தா, முதல்ல உங்களைத்தான் மறப்பான்."