செண்பகத்தம்மாளின் இடது பக்கம்

“அம்மா, நான் கெளம்பலாம்னு இருக்கேன்.”

செண்பகத்தம்மாள் வலது காதை அவர் பக்கம் திருப்பினார். இடது காது கேட்காது.

“தென்காசிக்கா? கண்ணு மருந்து தீந்துபோச்சு. அப்படியே வாங்கிட்டு வந்திரும்.”

“தென்காசிக்கு இல்லம்மா. மொத்தமா.”

அம்மாளின் வலது புருவம் உயர்ந்தது. இடது புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது.

சொன்னவர் கோமதிநாயகம். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷமாக இந்த மடத்தில்தான் வாசம். மடம் என்றதும் கோபுரம், யானை என்று நினைத்துவிட வேண்டாம். குற்றாலம் போகிற வழியில் ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு கிணறு, காலையில் கண்ணை மூடி உட்கார ஒரு கூடம். குருவான அம்மாளுக்கும் சீடரான இவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அவர் முதலில் வந்தது மனைவி இறந்த வருஷம். செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்கத்தான் வந்தார். அம்மாளோ, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர் என்று கேட்டார். தானே சமைப்பதாகவும், நேற்று புளி என்று நினைத்துக் கருப்பட்டியைக் கரைத்து ரசம் வைத்துவிட்டதாகவும், வீணாக்க மனமில்லாமல் அதையே இரண்டு வேளை ஊற்றிக்கொண்டதாகவும் இவர் சொன்னார்.

அம்மாள் சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, கிணற்றடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். கோமதிநாயகத்துக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. மனைவி போனபின் அதுதான் முதல் சிரிப்பு. கேட்க வந்த கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

எத்தனை நல்ல நாட்கள் அவை. யார் என்ன துக்கத்தைக் கொண்டுவந்தாலும் கடைசியில் அந்தக் கூடத்தில் சிரிப்புதான் கேட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாளுக்கு இடது காது மந்தமானது. நடந்தால் தள்ளாடியது. படம் எடுத்துப் பார்த்ததில், மண்டைக்குள் கேட்கிற நரம்பின்மேல் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனாலும் மூளையை அழுத்துகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. மதுரையில் வைத்து எடுத்தார்கள். முகத்தை அசைக்கிற நரம்பும் அதை ஒட்டித்தான் போகிறது, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி வீடு மாதிரி. டாக்டர்கள் எவ்வளவோ பக்குவமாகப் பிரித்தும் அந்த நரம்பு பிழைக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். கோமதிநாயகத்துக்கு அந்தத் தலைப்பாகைதான் வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அம்மாளை அவர்தான் கவனித்துக்கொள்கிறார். மூடாத இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதும், படுக்கும்போது இமையை இழுத்துப் பிளாஸ்திரி ஒட்டுவதும் அவர் வேலை. ஒரு நாள் தவறியதில்லை.

“என்ன குறைன்னு போறீரு?” என்று அம்மாள் கேட்டார்.

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். “நீங்க சிரிச்சு ரெண்டு வருஷம் ஆச்சும்மா. அதுக்காகத்தான் நான் இங்க இருந்தேன். ஞானத்துக்காக இல்ல.”

“சரி. வேற?”

வேறு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல நினைத்தார். மனம் கேட்கவில்லை. புதுச் சீடர்களைப் பற்றி ஆரம்பித்தார். காலையில் அவர்கள் உட்கார்ந்திருக்கிற லட்சணத்தைத் தன்னால் பார்த்துச் சகிக்க முடியவில்லை என்றார்.

“அவங்களுக்கு என்ன? பாவம், கண்ணு வலி,” என்றார் அம்மாள்.

“யாருக்குக் கண்ணு வலி?”

“எல்லாருக்கும்தான். வரிசையா ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு, ஒத்தக் கண்ணை முழிச்சிக்கிட்டுல்லா உக்காந்திருக்காங்க. மெட்ராஸ் ஐ பரவிட்டுன்னு நெனச்சேன். அதான் எல்லாத்துக்கும் எளநி வெட்டிக் குடுக்கச் சொன்னேன்.”

கோமதிநாயகம் அம்மாளையே பார்த்தார். அம்மாளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“அம்மா, அது உங்களைப் பாத்துப் பண்ணுதாங்க. ஒரு கண்ணு உலகத்துக்காம், ஒரு கண்ணு உள்ளுக்காம். இது நரம்புக் கோளாறுப்பான்னு நான் தலைதலையா அடிச்சிக்கிட்டேன். என்னை அப்படிச் சொல்லச் சொன்னதே நீங்கதான்னு என்கிட்டயே சொல்லுதாங்க.”

“எளநி?”

“பிரசாதம்னு குடிச்சாங்க.”

அம்மாளின் தோள் குலுங்கியது. வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. இடது கன்னம் தொங்கியபடியே இருந்தது. உதடு ஒரு பக்கம் சேராததால் காற்று புஸ்ஸென்று வெளியேறியது. பார்க்காமல் கேட்டால் இருமல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இடது கடைவாயில் எச்சில் வழிந்தது.

கோமதிநாயகம் சட்டென்று எழுந்து கொடிப் பக்கம் போனார்.

“எங்க போறீரு?”

“துண்டு எடுக்க. வாயோரம் வழியுது.”

“நான் சிரிக்க ஆரம்பிச்சதுமே நீரு துண்டு எடுக்கப் போயிருதீரு,” என்றார் அம்மாள். “திரும்பி வாரதுக்குள்ள சிரிச்சு முடிஞ்சிருது.”

கோமதிநாயகத்தின் கை கொடியில் இருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை இப்படி எழுந்து போயிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார்.

துண்டை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அம்மாள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.