தவிட்டுக் குருவிகள் வளர்த்த அயல் குஞ்சு

கண்மாய்க் கரையோரம் ஓர் இலந்தைப் புதர். அங்கே தவிட்டுக் குருவிகள் ஏழு பேர் ஒரே குடும்பமாக வாழ்ந்து வந்தார்கள். பொழுது விடிந்தால் அடையும்வரை ஓயாத சலசலப்பு.

"நான் பார்த்த புழுவை நீ ஏன் கொத்தினே?"

"உன் பேர் எழுதியிருந்ததா அதுல?"

இப்படியே போகும். ஆனாலும் ஒரு வழக்கம் மட்டும் தவறாது. மற்றவர்கள் தரையில் இரை கிளறும்போது ஒருவர் உச்சிக் கிளையில் காவல் இருப்பார். வல்லூறு தலைகாட்டினால் போதும், கத்தித் தீர்த்துவிடுவார். அந்தக் கூச்சலை நம்பித்தான் அக்கம்பக்கத்து அணில்களும் கவுதாரிகளும்கூடத் தைரியமாக மேய்ந்தன.

அந்தக் குடும்பத்தில் தத்தன் இளையவன். அந்த வருஷம் அவனுடைய அக்கா மஞ்சமூக்கியின் கூட்டில் ஒரே ஒரு குஞ்சு பிழைத்தது. அதுவும் அவர்கள் ஜாடையில் இல்லை. உடம்பெல்லாம் கோடு, நீண்ட வால், எப்போதும் திறந்த வாய்!

தத்தனுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இது அக்காக்குயில் திருட்டுத்தனமா இட்டுட்டுப் போன முட்டை! நம்ம ரத்தமே இல்லை. இதுக்கு நான் ஏன் புழு தேடி அலையணும்?"

"பசிக்குதுன்னு வாயைத் திறக்குதேடா! அப்போ போய் ரத்தம் பார்க்கவா முடியும்?" என்றாள் மஞ்சமூக்கி.

"உங்க குடும்பமும் வேண்டாம், கூச்சலும் வேண்டாம்! எனக்கு ஒரு வாய்தான். அதை நான் பார்த்துக்கறேன்!"

கோபித்துக்கொண்டு கண்மாயின் அக்கரைக்குப் பறந்துவிட்டான்.

முதல் நாள் சொர்க்கமாக இருந்தது. ஒரு கரையான் புற்று முழுவதும் அவனுக்கே! பங்கு கேட்க ஆள் இல்லை. மறுநாள்தான் சங்கடம் புரிந்தது. குனிந்தால் வானம் தெரியவில்லை. நிமிர்ந்தால் கரையான் நழுவியது. காவலுக்கு யாரும் இல்லாமல் நிம்மதியாக நான்கு கரையான் தின்ன முடியவில்லை. போதாக்குறைக்குப் பிடரியில் பேன் அரித்தது. அவனுடைய அலகு அங்கே எட்டவில்லை. வீட்டில் என்றால் தலையைச் சாய்த்தாலே போதும். சண்டை போட்டவர்கூட வந்து கோதிவிடுவார்.

அந்தி சாய்ந்து தூறல் விழுந்தது. கிளையில் தனியாக ஒடுங்கியிருந்த தத்தனுக்குப் பழைய மழைக்காலம் ஒன்று நினைவுக்கு வந்தது. அப்போது அவனுக்கு இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. எல்லோரும் ஒரே கிளையில் இடித்து நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில், குடும்பத்தில் மூத்தவரான மாமா. மழையெல்லாம் அவர் முதுகில்தான். "தள்ளு, தள்ளு!" என்று இரைந்துகொண்டே அவனைத் தன் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள் மஞ்சமூக்கி. அந்த ஈர இறகின் வாடை இப்போதும் மூக்கில் நின்றது.

விடிந்ததும் பக்கத்துப் புளியமரத்துக்குப் போனான். அங்கேயும் ஒரு தவிட்டுக் குருவிக் குடும்பம் இருந்தது. "என்னையும் சேர்த்துக்குவீங்களா?" என்று பணிவாகக் கேட்டான்.

"யாருடா நீ? எங்க ரத்தமா, எங்க கூட்டமா? ஓடு!" என்று ஆளுக்கொரு கொத்து கொத்தித் துரத்தினார்கள்.

தான் சொன்ன சொல் தன்மேலேயே விழுந்ததும் தத்தனுக்குச் சுருக்கென்றது. இறக்கையில் காயத்தோடு வெட்டவெளியில் தாழப் பறந்தான். அந்த நேரம் பார்த்து மேலிருந்து பாய்ந்தது வல்லூறு! மயிரிழையில் தப்பி, ஒரு முள்ளுச் செடிக்குள் புகுந்துகொண்டான். வல்லூறு செடியின்மேலேயே உட்கார்ந்தது.

"எவ்வளவு நேரம் இருப்பாய்? எனக்கு அவசரமே இல்லை!" என்று சிரித்தது.

தத்தன் உயிரைக் கொடுத்துக் கத்தினான். "அக்கா! மாமா!"

இலந்தைப் புதரருகே புழு தின்றுகொண்டிருந்த மஞ்சமூக்கி தலையைத் தூக்கினாள். "நம்ம தத்தன் குரல்! எல்லாரும் வாங்க!"

கண்மாயைக் கடந்து மொத்தக் குடும்பமும் வந்தது. கூச்சல் காதைப் பிளந்தது. மாமா வல்லூற்றின் வாலைக் கொத்தினார். மஞ்சமூக்கி கண்ணுக்கு நேராகப் பாய்ந்தாள். பின்னால் தடுமாறிப் பறந்து வந்த கோட்டுக் குஞ்சு, தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டியது: வாயை அகலத் திறந்து அலறியது!

"ஒன்றை அடிக்கலாம். இத்தனை வாயை யார் சமாளிப்பது?" என்று வல்லூறு எழும்பிப் போய்விட்டது.

தத்தன் தலை குனிந்தான். "நான் அப்படிப் பேசிட்டுப் போனேனே அக்கா. எதுக்கு வந்தீங்க?"

"கூப்பிட்டியே!" என்றாள் மஞ்சமூக்கி. "சரி, பசிக்குதா?"

அன்றிலிருந்து கோட்டுக் குஞ்சுக்கு முதல் புழு தத்தன் கொடுத்ததுதான். அவன் ஊட்ட ஊட்ட அது கொழுகொழுவென்று வளர்ந்தது. ஒரு காலையில், தூரத்து மாந்தோப்பிலிருந்து அக்காக்குயில் கூவியது. குஞ்சு காதைத் தீட்டிக் கேட்டது. சட்டென்று சிறகை விரித்து அந்தப் பக்கம் பறந்துவிட்டது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

தத்தன் வெகுநேரம் அந்தத் திசையையே பார்த்தபடி இருந்தான். அலகில் ஒரு பச்சைப் புழு நெளிந்துகொண்டிருந்தது.

"நன்றி கெட்டது! திரும்பிக்கூடப் பார்க்கலையே அக்கா!"

"நேரா பறந்துச்சா, தடுமாறிச்சா?"

"நேராத்தான் பறந்துச்சு."

"அப்புறம் என்னடா! நாம ஒழுங்காத்தான் வளர்த்திருக்கோம்" என்றாள் மஞ்சமூக்கி. அவளும் மாந்தோப்புப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பசிக்கு ஊட்டி, ஆபத்தில் ஓடிவந்து, ஒரு பிள்ளையைத் தன் சிறகில் பறக்கும்படி உலகத்துக்கு ஆளாக்கித் தருவதுதான் குடும்பம். ரத்த உறவு அதற்குப் பிறகுதான்.