குளவிக்கு விட்ட சுவர்

அந்தக் காலத்தில் குளவிகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சுதான். ஆனால் குளவிகள் மரப்பொந்துகளில் மண்கூடு கட்டி வாழ்ந்தன. வீடுகளுக்குள் வந்ததில்லை.

வறண்ட ஊர் ஒன்றில் அடைக்கப்பன் என்பவர் வீடு கட்டத் தொடங்கினார். மணமான புதிது. முதலில் ஓர் அறைதான் எழும்பியிருந்தது.

"முழுசா முடிஞ்ச வீட்டிலேதான் நம்ம பிள்ளை பிறக்கணும். அதுவரைக்கும் நான் வேலையாட்களோட கொட்டகையிலே படுத்துக்கிறேன்" என்றார் மனைவி உமையாளிடம். ஒரு மழைக்காலம்தானே என்று அவள் சிரித்தாள்.

அறைக்கு முன்னால் முற்றம் வந்தது. முற்றத்தைச் சுற்றித் தூண்கள். தூண்களுக்குத் தக்க மாடி, மாடிக்குத் தக்க முகப்பு, முகப்புக்குத் தக்க இரண்டாம் முற்றம். பன்னிரண்டு ஆண்டுகள் போயின. காலையில் எழுந்தால் நேற்று இல்லாத ஒரு கதவு உமையாளுக்குத் தென்படும். திறப்பாள். உள்ளே வெயில் மட்டும் படுத்திருக்கும்.

சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு குழைத்துப் பூசிய சுவர்கள் குளத்து நீர்போல் பளபளத்தன.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"மூணாம் முற்றம் பாக்கி இருக்கு."

அந்த ஆண்டுப் புயலில் மரங்கள் சாய்ந்தன. இடமற்ற குளவி ஒன்று அந்தச் சுவரில் ஈரமண்ணை அப்பியது. அடைக்கப்பன் கொத்துக்கரண்டியோடு வந்தார்.

"யாரைக் கேட்டுக் கட்டுறே?"

"கேக்கலாம்னுதான் அறை அறையாப் போனேன். ஒரு ஆளைக் காணோம். எத்தனை அறைங்க ஐயா?"

"அறுபத்திரண்டு."

"இருக்கிறது எத்தனை பேரு?"

அவர் கூட்டின் பக்கம் ஓர் அடி வைத்தார்.

"நான் ஒரு அறை கட்டுவேன், அதிலே ஒரு முட்டை வைப்பேன். அப்புறம்தான் அடுத்த அறை. நீங்க பெரிய கட்டடக்காரர், உங்க வழக்கம் வேற."

அவர் கரண்டியை ஓங்கினார். உமையாள் ஓடிவந்து கூட்டைக் கையால் மூடினாள்.

"கையை எடு, உமையா."

"மாட்டேன். இந்த வீட்டிலே இதுவாவது பிறக்கட்டும்."

உள்ளே அகப்பட்ட குளவி மிரண்டு அவள் உள்ளங்கையில் கொட்டியது. அவள் முகம் சுருங்கியது. கை நகரவில்லை. அவர் கரண்டியைக் கீழே போட்டார்.

மூன்றாம் முற்றத்துக்கென்று நீற்றி வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து அவள் கையில் தடவினார். வீக்கம் வடிய மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் அவளருகிலேயே இருந்தார். நான்காம் நாளும் கொட்டகைக்குப் போகவில்லை.

"ஐயா, முற்றம்?" என்று வந்து நின்றார் கொத்தனார்.

"கிடக்கட்டும்."

குளவிக் குஞ்சுகள் மண்ணைத் துளைத்துப் பறந்தபோது உமையாளுக்கு மசக்கை.

அன்று முதல்தான் குளவிகள் வீட்டுச் சுவரில் துணிந்து கூடு கட்டுகின்றன. வீட்டில் பிள்ளை வரப்போகிறது என்று சொல்லி, எவ்வளவு நல்ல சுவரானாலும், யாரும் அதைக் கலைப்பதில்லை.