முன்னூற்றுத் தொண்ணூறு இலைகள்

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததல்ல. சான்றிதழ் சரிபார்க்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சந்தனராஜ் என்பவர் சொன்னார். அவரும் வேறொருவரிடம் கேட்டதுதானாம். என் நினைவில் நின்றபடி எழுதுகிறேன்.

வெகு காலத்துக்கு முன்னால் மருதங்கோட்டை என்ற நாட்டை வாகைவேந்தன் என்ற ராஜா ஆண்டுவந்தார். பக்கத்து நாட்டில் இருபது கல்லூரிகள் இருப்பதாக ஒருநாள் அவர் காதில் விழுந்தது.

"நமக்கு எத்தனை?" என்று கேட்டார்.

"ஒன்று, மகாராஜா," என்றார் மந்திரி நல்லியக்கன்.

"வரும் தைக்குள் நாற்பது வேண்டும்!"

"கட்டடம் எழுப்பிவிடலாம். ஆசிரியர்கள்..."

"மந்திரியார் எப்போதும் இப்படித்தான். நல்ல காரியம் என்றால் முதலில் ஒரு தும்மல்," என்று குறுக்கே வந்தார் சபையில் இருந்த திருமேனிநாதர். மந்திரி பதவியின்மேல் அவருக்கு நெடுநாள் கண். "என்னிடம் விடுங்கள், மகாராஜா."

அன்றே அவர் கல்விக் கண்காணி ஆனார். தை பிறந்தது. நாற்பது கல்லூரிகளும் பிறந்தன. கல்லூரிக்குப் பத்து ஆசிரியர் என்று நானூறு பேர் ஓலையில் இருந்தார்கள். ஆண்டுதோறும் சோதனை நடந்தது. எல்லாக் கல்லூரிக்கும் 'மிக நன்று' என்று முத்திரை விழுந்தது.

நாலாவது ஆண்டுச் சோதனைக்கு ராஜா மந்திரியையும் அனுப்பினார். காலையில் வடகரைக் கல்லூரியில் தர்க்கம் சொல்லித் தந்தவர் ஒரு கிழவர், மாதவப் பண்டிதர். சால்வையில் பச்சை ஒட்டு. சோதனைக்காரர்களுக்கு மதிய விருந்து நீண்டுகொண்டே போனது. மாலையில் தென்கரை மருத்துவக் கல்லூரிக்குப் போனால், அங்கே அதே பச்சை ஒட்டு.

"ஐயா, காலையில் வடகரையில்..."

"அது என் அண்ணன்," என்றார் பண்டிதர்.

மறுநாள் மூன்றாவது கல்லூரி. அங்கேயும் அதே பத்து முகங்கள், அதே நான்கு நூல் பெட்டிகள், அதே பச்சை ஒட்டு.

"நீங்கள் அண்ணனா, தம்பியா?" என்று மந்திரி மெல்லக் கேட்டார்.

கிழவர் குனிந்து காலைத் தடவிக்கொண்டார். வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் கால் இரண்டும் வீங்கியிருந்தன. விருந்து நடக்கும் நேரத்தில் பத்து ஆசிரியர்களும் நான்கு பெட்டி நூல்களும் குறுக்குவழியாக அடுத்த கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது வழக்கம் என்று மந்திரிக்கு விளங்கியது. சபையில் அவர் அதைச் சொல்லவில்லை.

"மகாராஜா, நானூறு ஆசிரியர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து உங்கள் கையால் பரிமாற வேண்டும். எந்த ராஜாவும் செய்யாதது."

ராஜாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

திருமேனிநாதருக்கு வேர்த்தது. "ஒரே பந்தி எதற்கு? நாளுக்கு ஒரு கல்லூரியாக நாற்பது நாள் வைக்கலாமே!"

"நாற்பது நாள் பரிமாறினால் ராஜாவின் கை என்னத்துக்கு ஆகும், கண்காணியாரே?"

பந்திக்கு நாள் குறித்தார்கள். கல்லூரிக்கு ஒரு மாணாக்கர் வந்து தம் ஆசிரியர்களின் வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். விருந்து முடிந்ததும் அவர்கள் பட்டயத்தில் ராஜா முத்திரை வைப்பார். தென்கரையிலிருந்து உப்பு வண்டிக்காரர் சுடலையின் மகள் பேச்சி வந்தாள். அவள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் அவள்தான். முத்திரை விழுந்தால் மறுநாளே அரண்மனை மருந்துச்சாலையில் வேலை.

நானூறு இலைகள் போட்டாகிவிட்டது. பத்துப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை.

ராஜா கையில் கரண்டியோடு நின்றார். "மற்றவர்கள்?"

"இன்று ஏகாதசி, மகாராஜா," என்றார் திருமேனிநாதர். "முன்னூற்றுத் தொண்ணூறு பேரும் விரதம்."

"பக்திமான்கள்!" என்றார் மந்திரி. "மாணாக்கர்களைக் கேட்டுவிடலாமே."

ராஜா பேச்சியின் பக்கம் திரும்பினார். அவள் முன்னால் பத்து வெறும் இலைகள். "உன் ஆசிரியர்கள் விரதமா, அம்மா?"

திருமேனிநாதர் அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். பேச்சி பட்டயத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"விரதமா என்று தெரியாது, மகாராஜா. வருஷத்தில் சோதனைக்கு ஆள் வரும் அன்றைக்குத்தான் அவர்களைப் பார்ப்போம். அதோ, பச்சை ஒட்டுப் போட்ட தாத்தாவைத் தெரியும்."

"அப்படியானால் யார் சொல்லித் தந்தது?"

"யாரும் இல்லை. ஒரு நூல் இருந்தது. நாற்பது பேர் மாற்றி மாற்றிப் படித்தோம்."

"வைத்தியம் செய்வாயா?"

"மருந்தின் பேரெல்லாம் தெரியும். அளவுதான் தெரியாது. அதனால் பயமாக இருக்கிறது, மகாராஜா. யாராவது செத்துப்போய்விட்டால்?"

பந்தியில் மாதவப் பண்டிதர் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார்.

ராஜா மந்திரிக்கு முத்துமாலை போட்டார். திருமேனிநாதரின் பட்டுத் தலைப்பாகையைக் கழற்றவைத்து, யாரும் சாப்பிடாத முன்னூற்றுத் தொண்ணூறு இலைகளையும் அவரையே எடுக்கச் சொன்னார். சபை கைகொட்டிச் சிரித்தது.

பிறகு நாற்பது பட்டயங்களையும் வாங்கி அடுப்பில் போடச் சொன்னார்.

மந்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. "மகாராஜா, இந்தப் பெண் உண்மையைச் சொன்னவள்."

"அந்த உண்மையைக் கேட்ட பிறகு எப்படி ஐயா முத்திரை வைப்பேன்?"

பேச்சி தன் பட்டயத்தைத் தானே நீட்டினாள். "எங்கள் நாலு வருஷம், மகாராஜா?" என்று கேட்டாள். சிரிப்பு நின்றது. மந்திரி முத்துமாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அதன்பின் ராஜா பேச்சியை அந்த ஒரே பழைய கல்லூரியில் மறுபடி சேர்த்துப் படிக்கவைத்தார், அவள் பெரிய மருத்துவச்சி ஆனாள் என்று சந்தனராஜ் முடித்தார். கேட்டதும் எனக்கு மனம் ஆறியது.

ஆனாலும் எழுதுவதற்கு முன் விசாரித்துவிடலாம் என்று தோன்றியது. அவருக்குக் கதை சொன்னவர் அவருடைய அத்தை. எண் வாங்கிப் பேசினேன். பேச்சி அப்படிக் கேட்டதோடு கதை முடிந்துவிடும் என்றார் அத்தை. மறுபடி படிக்கவைத்தது அவர் சொன்ன கதையில் இல்லை.